விடத் தெரிந்த கொக்கி

ஆரணிப் பட்டைப் பற்றி சேத்துப்பட்டு பஸ் ஸ்டாண்டில் யாரைக் கேட்டாலும் அரை மணி நேரம் பேசுவார்கள். ஜரிகை விலை, தறிக்கூலி, கல்யாண சீசன் எல்லாம் வரும். அந்த நூல் எதனால் ஆனது என்று கேட்டால் மட்டும் "பட்டுப்புழு கக்கினது, வேற என்ன?" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். வேதியியல் படித்தவர்களிடம் கேட்டால் பதில் வேறு. அது அமினோ அமிலங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்த மாலை. கிளைசின், அலனைன், செரின் ஆகிய மூன்றும் திரும்பத் திரும்ப வரும் மிக நீளமான மாலை. இப்படிப்பட்ட மாலை குட்டையாக இருந்தால் அதற்குப் பெயர் பெப்டைடு. நீண்டுகொண்டே போனால் புரதம்.

இந்தப் பெப்டைடுதான் இன்றைக்கு மருந்து வியாபாரத்தில் பெரிய பேச்சு. சர்க்கரை நோய்க்கும் உடல் பருமனுக்கும் வாரம் ஒருமுறை போட்டுக்கொள்ளும் செமாகுளூட்டைடு ஊசியில் இருப்பது 31 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு பெப்டைடு. அமெரிக்காவில் 2017 டிசம்பரில் அனுமதி பெற்ற மருந்து அது. அதன் இந்தியக் காப்புரிமைக் கெடு 2026 மார்ச். வியாபாரப் பக்கங்களில் இதைப் பற்றி வந்த கட்டுரைகளுக்குக் கணக்கே இல்லை. எந்தக் கம்பெனி முந்தும், விலை எவ்வளவு குறையும், எந்தப் பங்கு ஏறும் என்று ஆளாளுக்கு ஒரு ஜோசியம்.

ஜோசியத்தில் ஆர்வம் இருப்பதில் தப்பில்லை. சென்னையில் இருக்கும் மெட்ராஸ் டயபெட்டிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் ஐசிஎம்ஆரும் சேர்ந்து நடத்திய ஆய்வு, 2023-ல் வெளியானபோது, இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி பேர் என்றது. விலை குறைந்தால் யாருக்கு லாபம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இத்தனை பேச்சிலும் ஒரு சின்ன விஷயம் மட்டும் யார் வாயிலும் வரவில்லை. அந்த மாலையைக் கோர்க்கும்போது அதன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருக்கும் கொக்கி. வேதியியல்காரர்கள் அதற்கு வைத்த பெயர் லிங்கர்.

மருந்தின் பெயரும் விலையும் தெரிந்தால் போதும், கொக்கி எதற்கு என்று வணிகவியல் மாணவர்கள் கேட்கலாம். தேவை இருக்கிறது. ஒரு பொருளைச் செய்ய உட்காரும்போதே அதைக் கடைசியில் எப்படி விடுவிப்பது என்று முடிவு செய்துவிட வேண்டிய தொழில் இது. அந்த முடிவை எடுக்கத் தெரிந்த ஆட்களை வளர்க்காமல் காப்புரிமை முடிவதை மட்டும் கொண்டாடினால் பாதிக் கொண்டாட்டம்தான்.

மணியில் கட்டிய மாலை

முதலில் பழைய கதை. அமெரிக்காவின் வின்சென்ட் டு விக்னோ என்பவர் 1953-ல் ஆக்சிடோசின் என்ற ஹார்மோனை ஆய்வகத்தில் செய்து காட்டினார். ஒன்பதே ஒன்பது அமினோ அமிலங்கள். அதற்கே 1955-ல் நோபல் பரிசு. ஏன் அவ்வளவு பெரிய விஷயம்? ஒவ்வொரு அமினோ அமிலத்தைச் சேர்த்த பிறகும் கிடைத்த சரக்கை, மிச்சம் மீதியிலிருந்து பிரித்துச் சுத்தம் செய்தாக வேண்டும். பிரிக்கும்போது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கை நழுவிப் போகும். மாலை நீள நீள, கையில் இருப்பது குறைந்துகொண்டே வரும்.

நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் நிறுவனத்தில் இருந்த புரூஸ் மெரிஃபீல்டு இதற்கு ஒரு எளிய வழி கண்டுபிடித்தார். முதல் அமினோ அமிலத்தை, கரையாத சின்னஞ்சிறு பாலிஸ்டைரீன் மணிகளில் கட்டிவிடுவது. (தெர்மாகோல் செய்கிற அதே பாலிஸ்டைரீன்தான்!) பிறகு அடுத்த அமினோ அமிலத்தைத் தேவைக்கு அதிகமாகவே ஊற்றுவது. ஒட்டியது ஒட்டட்டும், ஒட்டாததை வடிகட்டிக் கழுவிவிடுவது. மாலை மணியோடு இருப்பதால் எத்தனை முறை கழுவினாலும் போகாது. 1963-ல் நான்கு அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு பெப்டைடை இப்படிச் செய்து, கட்டுரையைத் தன் பெயரில் மட்டும் வெளியிட்டார். 1969-ல் அவரும் பெர்ண்ட் கூட்டேயும் 124 அமினோ அமிலங்கள் கொண்ட ரைபோநியூக்ளியேஸ் ஏ என்ற நொதியையே செய்து காட்டினார்கள். 369 வேதிவினைகள், இயந்திரம் செய்த வேலைப்படிகள் 11,931. மெரிஃபீல்டுக்கு 1984-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இது முழுக்க மனிதன் கண்டுபிடித்தது என்றும் சொல்ல முடியாது. பட்டுப்புழுவின் உடம்பில் புரதம் கோர்க்கப்படும்போதும் மாலையின் முனை அந்தரத்தில் தொங்குவதில்லை. டிஆர்என்ஏ என்ற மூலக்கூறோடு ஒரு எஸ்டர் பிணைப்பில் கட்டப்பட்டிருக்கிறது. கோர்த்து முடித்ததும், "போதும்" என்ற சங்கேதம் வந்த இடத்தில், ஒரு தண்ணீர் மூலக்கூறு வந்து அந்தக் கட்டை அறுக்கிறது. கொக்கியும் அதைக் கழற்றும் சாவியும் உயிருக்குள்ளேயே இருக்கின்றன. மெரிஃபீல்டு போட்ட முதல் கட்டும் ஒரு எஸ்டர்தான்.

கொக்கிக்கு என்ன வேலை?

தறி பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். பழைய பாவு முடிந்ததும் அதன் கடைசி முனையை அப்படியே தறியில் விட்டு வைத்து, புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் அதோடு பிணைப்பார்கள். ஆயிரக்கணக்கான இழைகள். அந்தப் பிணைப்பு இழுக்கும்போது அவிழக் கூடாது. விழுதிலும் அச்சிலும் சிக்காமல் நழுவிப் போக வேண்டும். அந்த முடிச்சு புடவையில் தெரியவும் கூடாது. முடிச்சு யாரும் விலை கொடுத்து வாங்கும் பொருள் இல்லை. ஆனால் அது சரியில்லை என்றால் புடவையே இல்லை.

லிங்கருக்கும் இதே மூன்று வேலைதான். முதல் அமினோ அமிலத்தைச் சுலபமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். நடுவில் நடக்கும் முப்பது நாற்பது சுற்று வேதிவினைகளில் அசையாமல் இருக்க வேண்டும். கடைசியில் ஒரே ஒரு சாவிக்கு மட்டும் திறந்து, மாலைக்குச் சேதமில்லாமல் விட்டுவிட வேண்டும். பிடிப்பது எளிது. விடாமல் இருப்பது கஷ்டம். சொன்னபோது மட்டும் விடுவது அதைவிடக் கஷ்டம்.

வணிகவியல் பாஷையில் சொன்னால் இது பார்ட்னர்ஷிப் பத்திரம் மாதிரி. 1932-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் படித்தவர்களுக்குத் தெரியும். கூட்டு சேரும் அன்றே, ஒருவர் விலகினால் கணக்கு எப்படித் தீர்ப்பது என்று எழுதி வைப்பதுதான் நல்ல பத்திரம். சண்டை வந்த பிறகு எழுத உட்கார்ந்தால் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். லிங்கர் என்பது மூலக்கூறோடு போட்டுக்கொள்ளும் விலகல் ஷரத்து.

மெரிஃபீல்டுக்கே முதல் கொக்கி சரியாக அமையவில்லை. அவர் ஒவ்வொரு சுற்றிலும் அமினோ அமிலத்தின் மேல் இருக்கும் பாதுகாப்பு மூடியை அமிலத்தால் கழற்றினார். அதே அமிலம் கொக்கியையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தியது. அதைத் தடுக்க அந்தப் பாலிஸ்டைரீனில் நைட்ரோ தொகுதியைச் சேர்த்துக் கட்டை உறுதியாக்கினார். பிறகு மென்மையான அமிலத்திலேயே கழலும் 'பாக்' என்ற மூடிக்கு மாறினார்கள். கடைசியில் மாலையை விடுவிக்கப் பழக்கத்துக்கு வந்ததோ ஹைட்ரஜன் ஃபுளோரைடு. கண்ணாடியையே அரிக்கும் திரவம் அது. தனியாகத் தயாரித்த பாத்திரம் இல்லாமல் தொடவே முடியாது. கொக்கியையும் மூடியையும் ஒரே வகைச் சாவியால் திறக்கப் பார்த்தால் வரும் வினை இதுதான். மூடிக்குச் சின்ன அமிலம், கொக்கிக்குப் பெரிய அமிலம் என்று அளவில் மட்டுமே வித்தியாசம் இருந்தது.

இந்த இடத்தில் ஒரு கணக்கு. 30 சுற்றுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் 99 சதவீதம் சரியாக நடந்தால் கடைசியில் மிஞ்சுவது சுமார் 74 சதவீதம். 98 என்றால் சுமார் 55. 95 என்றால் வெறும் 21. கூட்டு வட்டிக் கணக்கைத் தலைகீழாகப் போட்டால் வரும் விடை. சுற்றுக்கு ஒரு சதவீதம் கொக்கி கழன்றாலும் முப்பதாவது சுற்றில் கால்வாசிச் சரக்கு சாக்கடையில். ஒரு சதவீதம் என்றால் அலட்சியமாக விடுபவர்கள் சீட்டு கம்பெனியில் பணம் போட்டவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம் :-)

சாவியே வேறு

நிலைமையை மாற்றியது இரண்டு யோசனைகள். 1970-ல் லூயி கார்பினோ அறிமுகம் செய்த 'எஃப்மாக்' மூடி காரத்தில் கழலும், அமிலத்துக்கு அசையாது. 1973-ல் சூ-சுன் வாங் அறிமுகம் செய்த கொக்கி அமிலத்தில் கழலும். ஹைட்ரஜன் ஃபுளோரைடு தேவையில்லை, டிரைஃபுளோரோ அசிட்டிக் அமிலமே போதும். இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தினால் சுற்றுக்குச் சுற்று மூடியைக் காரத்தால் கழற்றலாம், கொக்கிக்குத் தகவலே போகாது. கடைசியில் அமிலம் ஊற்றினால் கொக்கி விடும். வீட்டுச் சாவி வேறு, பீரோ சாவி வேறு என்பது போல. இன்று உலகம் முழுவதும் பெப்டைடு செய்யும் பெரும்பாலான ஆய்வகங்களில் ஓடுவது இந்த எஃப்மாக் முறைதான்.

அடுத்த விஷயம் இன்னும் சுவாரசியம். கொக்கி கழலும்போது மாலையின் முனையில் என்ன மிஞ்சும் என்பதையும் கொக்கிதான் தீர்மானிக்கிறது. வாங் கொக்கி விட்டால் மாலையின் வாலில் ஒரு அமிலத் தொகுதி இருக்கும். ஹான்ஸ் ரிங்க் 1987-ல் வெளியிட்ட கொக்கி விட்டால் வாலில் ஒரு அமைடு இருக்கும். இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்டால், பிரசவ வார்டில் பதில் இருக்கிறது. பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கை நிறுத்தப் போடும் ஆக்சிடோசினின் வால் அமைடு. அந்த வால் மாறினால் அது ஆக்சிடோசினே இல்லை.

சர்க்கரை நோய் மருந்துகளிலும் இதே கதை. செமாகுளூட்டைடின் வால் அமிலம். அதற்குப் போட்டியாக வந்த, 39 அமினோ அமிலங்கள் கொண்ட டிர்செபடைடின் வால் அமைடு. விளம்பரத்தில் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். செய்யும் இடத்தில் ஒன்றின் கொக்கி மற்றதற்கு உதவாது. "அந்த மருந்து செய்யத் தெரிந்த கம்பெனிக்கு இந்த மருந்து என்ன பிரமாதம்?" என்று பங்குச்சந்தை ஆலோசகர்கள் சொல்வதைக் கேட்கும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

செமாகுளூட்டைடுக்குள்ளேயே இன்னொரு லிங்கரும் உண்டு. மாலையின் நடுவில் இருக்கும் ஒரு லைசினில் ஒரு நீண்ட கொழுப்பு அமிலத்தைக் கட்டி வைத்திருக்கும் இணைப்பு அது. அந்தக் கொழுப்பு வால் ரத்தத்தில் இருக்கும் அல்புமினைப் பிடித்துக்கொள்வதால்தான் மருந்து ஒரு வாரம் தாங்குகிறது. மணியில் இருக்கும் கொக்கி கடைசியில் விட்டே ஆக வேண்டும். இது விடவே கூடாது. இரண்டுக்கும் பெயர் ஒன்று, தர்மம் வேறு.

மெல்லப் பிடிக்கும் கொக்கி

கொக்கி எவ்வளவு பலமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று தோன்றும். அப்படி இல்லை. கிரீஸ் நாட்டின் பட்ராஸ் நகரில் கிளெயோமெனிஸ் பார்லோஸ் குழு 1980-களின் கடைசியில் கொண்டுவந்த 2-குளோரோடிரைட்டில் கொக்கி மிகவும் மென்மையானது. ஒரு சதவீத டிரைஃபுளோரோ அசிட்டிக் அமிலமே அதற்கு அதிகம். கொக்கி விட்ட பிறகும் மாலையின் பக்கவாட்டில் இருக்கும் பாதுகாப்பு மூடிகள் அப்படியே இருக்கும். இதனால் நீளமான மாலையைத் துண்டு துண்டாகச் செய்து, பிறகு துண்டுகளை ஒன்றோடொன்று கோர்க்க முடியும்.

எச்ஐவி மருந்தான என்ஃபுவிர்டைடு இப்படித்தான் பிறந்தது. 36 அமினோ அமிலங்கள். அவ்வளவு நீளத்தை டன் கணக்கில் வேதியியல் வழியில் செய்வது நடக்காத காரியம் என்று பலரும் நினைத்த காலம். மூன்று துண்டுகளாக இந்த மென்மையான கொக்கியில் செய்து, கழற்றி, கரைசலில் இணைத்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட வேதிப்படிகள். 2003 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. டிர்செபடைடையும் துண்டுகளாகச் செய்து கரைசலில் இணைக்கும் வழியை அதன் கம்பெனி 2021-ல் ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டது.

இந்தக் கொக்கியின் குண்டு உடம்புக்கு இன்னொரு பயனும் இருக்கிறது. வாலில் புரோலின் என்ற அமினோ அமிலம் இருந்தால், வாங் மாதிரியான கொக்கியில் இரண்டாவது அமினோ அமிலம் கோர்த்த கையோடு, மாலை தன் வாலைத் தானே கடித்து வளையமாகி உதிர்ந்துவிடும் அபாயம் உண்டு. டிரைட்டில் கொக்கி பக்கத்தில் இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதால் கடிக்க வழி கிடைக்காது. இதெல்லாம் விலைப்பட்டியலில் எழுதியிருக்காது. அனுபவப்பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

இன்னும் பல வகை இருக்கின்றன. 1971-ல் ஜார்ஜ் கென்னர் சொன்ன 'சேஃப்டி கேட்ச்' கொக்கி, இரண்டு படிகளில் திறப்பது. முதலில் அதைத் தயார் செய்ய வேண்டும், பிறகுதான் அது விடும். அதுவரை என்ன செய்தாலும் அசையாது. பெப்டைடு அல்லாத சின்ன மூலக்கூறுகளை மணியில் கட்டிச் செய்ய ஆரம்பித்தபோது வேறொரு சிக்கல் வந்தது. கொக்கி இருந்த இடத்தில் ஒரு தழும்பு மிஞ்சியது. அந்தத் தழும்பும் மருந்தின் ஒரு பாகமாகவே ஆகிவிடும். ஜொனாதன் எல்மன் குழு 1995-ல் சிலிக்கானை வைத்து, தடயமே இல்லாமல் கழலும் கொக்கியை வெளியிட்டது. ஒளி பட்டால் கழலும் கொக்கிகளும் உண்டு. அந்த ஒளி விஷயத்தில்தான் கதை பக்கத்து மாநிலத்துக்கு வருகிறது.

கோட்டயத்தில் நடந்தது

கொக்கி ஆராய்ச்சி வெளிநாட்டு விவகாரம் என்று நினைப்பவர்கள் வி.என். ராஜசேகரன் பிள்ளை என்ற பெயரைத் தேடிப் பார்க்கலாம். பிற்பாடு இக்னோ துணைவேந்தராக இருந்தவர் என்றுதான் பலருக்குத் தெரியும். அதற்கு முன்னால் அவர் வேதியியல்காரர். 1980-ல், ஒளியால் கழலும் பாதுகாப்பு மூடிகளைப் பற்றி அவர் எழுதிய தொகுப்புக் கட்டுரை இன்று வரை ஆராய்ச்சியாளர்கள் மேற்கோள் காட்டும் ஒன்று. அதே 1980-ல் ஜெர்மனியின் முட்டர், பையர் ஆகியோரோடு சேர்ந்து, பாலிஎத்திலீன் கிளைக்காலில் பெப்டைடைக் கட்டிச் சுலபமாகக் கழற்றும் வழிகளைப் பற்றியும் எழுதினார். முழுக்க முழுக்கக் கொக்கி ஆராய்ச்சி.

பிறகு கோட்டயத்தின் மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தில் அவரும் மாணவர்களும் மணியையே மாற்றிப் பார்த்தார்கள். வழக்கமான பாலிஸ்டைரீன் மணிக்குள் இழைகளைக் குறுக்கே கட்டி வைக்கும் பொருள் விறைப்பானது. அதற்குப் பதில் வளைந்து கொடுக்கும் வேறு இணைப்புப் பொருட்களைப் போட்டார்கள். மணி கரைப்பானில் நன்றாக உப்பியது. அமினோ அமிலங்கள் உள்ளே போய்வர வழி கிடைத்தது. கொக்கி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதன் பக்கத்தில் போக முடியவில்லை என்றால் என்ன பயன்? அதற்கான விடை அது. ஐஐடி இல்லை, ஐஐஎஸ்சி இல்லை. 1983-ல் தொடங்கிய ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்த வேலை.

தமிழ்நாட்டுக்கும் இதில் ஒரு பழைய தொடர்பு உண்டு. மெரிஃபீல்டு கட்டுரை வந்த அதே 1963-ல்தான் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும், ராமகிருஷ்ணனும், சசிசேகரனும் பெப்டைடு மாலை எந்தெந்தக் கோணங்களில் வளைய முடியும் என்று கணக்கிட்டு வெளியிட்டார்கள். ராமச்சந்திரன் வரைபடம் இல்லாத உயிர்வேதியியல் பாடப் புத்தகத்தைப் பார்ப்பது கஷ்டம். மாலை எப்படி மடியும் என்று சென்னை சொன்ன வருஷத்தில், மாலையை எப்படிக் கோர்ப்பது என்று நியூயார்க் சொன்னது. முதல் பாதியைப் பெருமையாகச் சொல்லும் ஊரில், இரண்டாம் பாதியைப் பி.எஸ்சி. வேதியியல் மாணவர் ஒருவர் கையால் செய்து பார்க்காமலேயே பட்டம் வாங்கிவிட முடிகிறது. குறை அங்கேதான்.

"வாங்கிக்கொண்டால் போச்சு!"

இதற்கு எதிர்க்கேள்வி ஒன்று வரும். நியாயமான கேள்வி. கொக்கி மாட்டிய மணிகள் டப்பாவில் விற்கின்றன. பணம் கொடுத்தால் வந்துவிடும். எதற்கு இவ்வளவு அலட்டல்?

கணக்குப் போட்டுப் பார்த்தால் கேள்வி கேட்பவர் பக்கம்தான் முதலில் ஜெயிக்கும். ஒரு கிராம் மணியில் 0.3 மில்லிமோல் கொக்கிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். செமாகுளூட்டைடின் மூலக்கூறு எடை சுமார் 4,114. எல்லாம் சரியாக நடந்தால் காகிதத்தில் 1.2 கிராம் மருந்து. அதில் மூன்றில் ஒரு பங்குதான் தேறியது என்றாலும் 400 மில்லிகிராம். வாரம் ஒரு மில்லிகிராம் ஊசி என்றால் ஒரு நோயாளிக்கு ஏழரை வருஷத்துக்குக் காணும். ஒரு கிராம் மணியின் விலையை ஏழரை வருஷ ஊசியில் பங்கு போட்டால் கண்ணுக்கே தெரியாது. ஆகவே "சுதேசி மணி செய்வோம்" என்று கோஷம் போடுவதில் காஸ்ட் அக்கவுண்டிங் படித்தவருக்கு ஈடுபாடு வராது.

ஆனால் செலவு எங்கே இருக்கிறது? மணியில் இல்லை, மணியைத் தேர்ந்தெடுத்ததால் பின்னால் வரும் காரியங்களில் இருக்கிறது. தவறான கொக்கி வழியில் கழன்றால் மாலை வீண். மணிக்குள் நெரிசல் இருந்தால் ஒரு அமினோ அமிலம் விடுபட்ட மாலைகள் உருவாகும். 31-க்குப் பதில் 30 இருக்கும் மாலையை 31 இருக்கும் மாலையிலிருந்து பிரிப்பது பெரும்பாடு, பெரும் செலவு. கடைசியில் வலுவான அமிலம் வேண்டும் என்றால் அதைத் தாங்கும் பாத்திரமும், கழிவைக் கையாளும் வசதியும் வேண்டும். காஸ்ட் ஷீட்டில் ஒரே ஒரு சின்ன வரியாக வரும் பொருள், மற்ற எல்லா வரிகளையும் தீர்மானிக்கிறது.

கழிவைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். மணியில் கோர்க்கும் முறையின் பலமே கழுவுவது. அதன் பாவமும் அதுவே. ஒரு கிலோ பெப்டைடு செய்யச் சராசரியாகச் சுமார் 13,000 கிலோ மூலப்பொருட்கள் செலவாகின்றன என்று மருந்துக் கம்பெனிகளின் கணக்கை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று சொல்கிறது. சாதாரண மாத்திரை மருந்துகளுக்கு அது சில நூறு கிலோ அளவில் நிற்கும். அந்த 13,000-ல் பெரும்பகுதி கரைப்பான். அதில் முக்கியமான டைமெத்தில் ஃபார்மமைடு கருவில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கக்கூடியது என்பதால், தொழிலாளர் மேல் படும் அளவுக்கு ஐரோப்பிய யூனியன் 2023 டிசம்பர் முதல் உச்சவரம்பு வைத்திருக்கிறது.

வடார்க்காட்டுக்காரர்களுக்குக் கழிவுநீர் புதுப் பாடம் இல்லை. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகளின் கழிவு பாலாற்றில் கலந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்பு சொன்னது. கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற விதி அந்தத் தீர்ப்பால் நாடு முழுவதும் பேசப்பட்டது. தோல் ஏற்றுமதியில் வந்த டாலர் ஒரு பக்கம், உப்பாய்ப் போன கிணறு இன்னொரு பக்கம். மலிவு விலை ஊசி என்ற பெயரில் இன்னொரு பாலாறு வேண்டாம் என்றால், குறைந்த கரைப்பானில் வேலை செய்யும் மணியும் கொக்கியும் தேவை. அதை விற்பவர் தேடித் தருவாரா? கழிவு அவர் ஊர் ஆற்றில் ஓடவில்லையே!

இன்னொரு உண்மையையும் சொல்லியாக வேண்டும். செமாகுளூட்டைடைக் கண்டுபிடித்த கம்பெனி அதன் மாலையின் பெரும்பகுதியை ஈஸ்ட் மூலம் வளர்க்கிறது. கொக்கியும் மணியும் இல்லாத வழி அது. எல்லாப் பெப்டைடுக்கும் மணிதான் ஒரே கதி என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் ஈஸ்ட் இயல்பாகக் கோர்க்கத் தெரிந்த அமினோ அமிலங்கள் இருபதுதான். அதற்கு வெளியே இருக்கும் அமினோ அமிலத்தை மாலைக்குள் வைக்க வேண்டும் என்றால் வேதியியல் வழிக்கு வந்தாக வேண்டும். செமாகுளூட்டைடிலேயே அப்படி ஒன்று இருக்கிறது. டிர்செபடைடில் இரண்டு. முழுக்க வேதியியல் வழியில் இறங்கும் கம்பெனிக்குக் கொக்கியை விட்டால் வழியில்லை.

என்ன செய்யலாம்?

செய்ய வேண்டியது பெரிய திட்டம் எதுவும் இல்லை. முதலாவது, பி.எஸ்சி. வேதியியல் செய்முறையில் ஒரே ஒரு பெப்டைடு. மூன்று அமினோ அமிலம் போதும். அடியில் வடிகட்டி வைத்த பிளாஸ்டிக் சிரிஞ்ச், கொஞ்சம் மணி, இரண்டு மூன்று கரைசல்கள். ஒரே மாலையை இரண்டு கொக்கிகளில் செய்து, வால் எப்படி மாறுகிறது என்று மாணவர் கையால் பார்க்கட்டும். பரீட்சைக்கு மனப்பாடம் செய்த பத்துப் பக்கத்தைவிட அந்த ஒரு மாலை மனதில் நிற்கும்.

இரண்டாவது, கோட்டயத்தில் முடிந்தது வேலூரிலோ சேலத்திலோ மதுரையிலோ முடியாதா? மாநிலப் பல்கலைக்கழகங்களின் வேதியியல் துறைகளுக்கு ஆராய்ச்சித் தலைப்பு கொடுக்கும்போது, மருந்துக் கம்பெனிகள் நிஜமாகவே தடுக்கி விழும் இடங்களைக் கேட்டுக் கொடுக்கலாம். குறைந்த கரைப்பானில் உப்பும் மணி, தண்ணீரில் வேலை செய்யும் கொக்கி, இரண்டாவது முறையும் பயன்படுத்தக்கூடிய மணி... கோடிக்கணக்கில் கருவி கேட்காத ஆராய்ச்சி இது. பொறுமைதான் கேட்கும். நெசவாளர் ஊர்களில் பொறுமைக்குப் பஞ்சமில்லை.

மூன்றாவது வணிகவியல் மாணவர்களுக்கு. நாளை இவர்களில் சிலர் மருந்துக் கம்பெனிக் கணக்கில் உட்காருவார்கள், சிலர் வங்கியில் உட்கார்ந்து அந்தக் கம்பெனிக்குக் கடன் கொடுக்கலாமா என்று யோசிப்பார்கள். ஆலை எத்தனை ஏக்கர், இயந்திரம் எத்தனை கோடி என்று மட்டும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது. எந்தக் கொக்கியில் செய்கிறீர்கள், அதை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள், சுற்றுக்கு எவ்வளவு நஷ்டம், கரைப்பான் எங்கே போகிறது என்று நாலு கேள்வி கேட்க வேதியியல் பட்டம் தேவையில்லை. பதில் சொல்ல ஆள் இருக்கிறாரா இல்லையா என்பதிலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

காப்புரிமை என்பது ஒரு கம்பெனியின் கையில் இருந்த பூட்டு. கெடு முடிந்தால் பூட்டு திறந்துவிடும். ஆனால் உள்ளே போய்ச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்ற சட்டம் எந்தக் கெடுவிலும் முடிவதில்லை. டப்பாவில் வந்த கொக்கியை, அதன் மேல் ஒட்டியிருக்கும் தாளில் எழுதியபடி பயன்படுத்துகிறவர்கள், தாள் எழுதியவர் எங்கே நிறுத்தினாரோ அங்கேயே நிற்பார்கள். அடுத்த மருந்து வரும்போது மறுபடியும் இருபது வருஷம் காத்திருப்பார்கள். 10.1 கோடிப் பேருக்கு அவ்வளவு பொறுமை இருக்குமா?